எக்ஸ்சிசோர்: முதல் 50 கிலோமீட்டர் பறக்கப் போகிறவர்களுக்கு

இங்கிலாந்தில் கிளைடர் (எஞ்சின் இல்லாத விமானம்) ஓட்டக் கற்றுக்கொண்டு, சில்வர் பேட்ஜ் என்ற தகுதிச் சின்னத்துக்கான 50 கிலோமீட்டர் பயணத்தை நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறது என்பவர்களிடம் நான் முதலில் சொல்வது, போனில் எக்ஸ்சிசோர் என்ற கிளைடர் வழிகாட்டி ஆப்பை ஏற்றுங்கள் என்பதுதான். காசு கிடையாது. ஓப்பன் சோர்ஸ். பழைய ஆண்ட்ராய்டு போன் ஒன்று இருந்தால் போதும்.

சொந்தத் தளம் இனி எட்டாது என்று ஆகிற இடத்தில்தான் பயம் வருகிறது. இந்த ஆப் அந்த இடத்தை எண்ணாகக் காட்டிவிடுகிறது. வரைபடத்தில் இறங்குதளங்களின் பக்கத்தில், இப்போதே அங்கே திரும்பினால் போய்ச் சேரும்போது எவ்வளவு உயரம் மிச்சமிருக்கும் என்று வரும். எட்டும் தளம் பச்சை. தெர்மலில் (மேலெழும் வெப்பக் காற்றில்) சுற்றி ஏற ஏற, முன்னால் இருக்கும் தளமும் பச்சையாகிவிடும். அதன் பிறகு பழைய தளத்தை விட்டுவிடலாம்.

ஆனால் செட்டிங்கைத் தொடாமல் நம்பக் கூடாது. நான் ஓட்டும் ஜூனியர் ரகக் கிளைடரின் சிறந்த சறுக்கு விகிதம் 35. அதாவது அசையாத காற்றில் 1000 மீட்டர் உயரத்திலிருந்து 35 கிலோமீட்டர். நிஜத்தில் எதிர்காற்று இருக்கும், மேகங்களுக்கு நடுவே சிங்க் (கீழிறங்கும் காற்று) இருக்கும், இறக்கையின் முன்விளிம்பில் பூச்சி அப்பியிருக்கும். அதனால் போலாரை (எந்த வேகத்தில் கிளைடர் எவ்வளவு இறங்கும் என்ற கணக்கை) குறைத்து, மெக்கிரெடியை (எந்த வேகத்தில் பறப்பது என்று கணக்கிடும் எண்ணை) கூட்டி, போய்ச் சேரும் உயரத்துக்கு 1000 அடி ஒதுக்கியிருக்கிறேன். பச்சைகள் சட்டென்று குறையும். குறையட்டுமே.

மெனுவுக்குள் மெனு என்று போய்க்கொண்டே இருக்கும். காக்பிட்டில் உட்கார்ந்து பழகுகிற சமாச்சாரம் அல்ல. திறந்ததும் பறக்கவா, சிமுலேட்டரா என்று கேட்கும். மழை நாளில் சிமுலேட்டரைத் தட்டி, கிளைடரை விரலால் இழுத்து வேறெங்காவது விட்டு, உயரத்தைக் குறைத்து, எந்தத் தளம் கைவிட்டுப் போகிறது என்று பாருங்கள். எனக்குத் தைரியம் வந்தது பாதி இதில்தான். மீதிப் பாதி, வயலில் இறங்கிவிட்டால் கிளைடரை ஏற்றிவர டிரெய்லரை இழுத்துக்கொண்டு வர கிளப்பில் ஒருவர் ஒப்புக்கொண்டதால்.

அப்புறம், வயல்கள். எந்தத் தளமும் எட்டாவிட்டால், அறுவடை முடிந்த கோதுமை வயலை நம் கண்தான் தேட வேண்டும். எதில் மாடு நிற்கிறது, எது சரிவு என்று ஆப் சொல்லாது. 2000 அடியில் பகுதியைத் தேர்ந்தெடு, 1500-இல் வயலை முடிவு செய், 1000-இல் சர்க்யூட்டை (இறங்குவதற்கான சுற்றை) தொடங்கு என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். 2000-க்குக் கீழே நான் போன் பக்கமே பார்ப்பதில்லை.

பவர் பேங்க் கட்டாயம். திரையை முழு வெளிச்சத்தில் வைத்தால்தான் வெயிலில் தெரியும். அப்படி வைத்தால் பேட்டரி சாயங்காலம் வரை தாங்காது.