ஜப்பானில் குடும்பத்தோடு தங்க: பிசினஸ் ஹோட்டலா, தனி வீடா, அபார்ட்மெண்ட் ஹோட்டலா?

டோக்கியோவிலோ ஓசாகாவிலோ ஆறு பேருக்கு இடம் தேடுகிறவர்கள் முதலில் திகைத்து நிற்பது அறையின் அளவைப் பார்த்துத்தான். ரயில் நிலையங்களை ஒட்டி நிற்கும் பிசினஸ் ஹோட்டல்கள், அலுவலாகத் தனியே வந்து ஓரிரவு தங்கிப் போகிறவரை மனத்தில் வைத்துக் கட்டப்பட்டவை. 11 முதல் 15 சதுர மீட்டர் வரையிலான அறையில், சுவரை ஒட்டி 120 அல்லது 140 சென்டிமீட்டர் அகலத்தில் ஒரு கட்டில், முழங்கை இடிக்கும் குளியலறை, ஜன்னலோரம் ஒரு மேசை, அவ்வளவுதான் இருக்கும். இரண்டு பெரிய பெட்டிகளைத் தரையில் திறந்து வைத்தால் கதவு வரை நடக்க வழியிருக்காது. ஆகவே குடும்பமாகப் போகிறவர்களுக்கு நகரங்களில் நடைமுறையில் மூன்று வழிகளே உள்ளன: இத்தகைய அறைகளை இரண்டு மூன்றாக எடுப்பது, மின்பாகு எனப்படும் வாடகை வீட்டில் தங்குவது, சமையலறையோடு கூடிய அபார்ட்மெண்ட் ஹோட்டலுக்குப் போவது. மூன்றிலும் தங்கிப் பார்த்த பிறகு, நான்கு பேருக்கு மேல் மூன்று இரவுக்கு மேல் தங்குவதானால் கடைசி வழியே சிறந்தது என்ற முடிவுக்கு வந்திருக்கிறேன். அதற்கான காரணங்களையும், அது பொருந்தாத இடங்களையும் இங்கே சொல்கிறேன்.

பிசினஸ் ஹோட்டலைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. இரவு எந்நேரம் வந்தாலும் வரவேற்பு மேசையில் ஆள் இருப்பார். காசு போட்டு இயக்கும் வாஷிங் மெஷின் ஏதோ ஒரு தளத்தில் இருக்கும். பள்ளி செல்லும் வயதை எட்டாத குழந்தை பெற்றோரின் கட்டிலிலேயே படுத்துக்கொண்டால் பெரும்பாலான ஹோட்டல்கள் அதற்குத் தனிக் கட்டணம் கேட்பதில்லை. கணவன், மனைவி, ஒரு சிறு குழந்தை என்ற குடும்பத்துக்கு இதைவிடச் சிக்கனமான ஏற்பாடு இல்லை. ஆட்கள் கூடும்போதுதான் கணக்கு மாறுகிறது. மூன்று அறைகள் ஒரே தளத்தில் கிடைக்கும் என்ற உறுதி கிடையாது. உள்வழியாக இணைந்த அறைகள் அரிது. பத்து வயதுப் பிள்ளைகளை நாலாம் தளத்தில் விட்டுவிட்டு ஒன்பதாம் தளத்தில் தூங்க எந்தப் பெற்றோருக்கும் மனம் வராது. எல்லாவற்றுக்கும் மேலாக, நாள் முழுக்க நடந்து களைத்துத் திரும்பிய ஆறு பேர் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட ஓர் இடம் அங்கே இருக்காது.

மின்பாகு வீடுகளைப் பற்றிப் பேசுமுன் சட்டத்தைத் தெரிந்துகொள்வது அவசியம். 2018 ஜூன் 15 அன்று நடைமுறைக்கு வந்த தனியார் வீட்டுத் தங்கல் சட்டத்தின்படி, இவ்வகையில் பதிவு செய்த ஒரு வீட்டை ஆண்டுக்கு 180 நாட்களுக்கு மேல் விருந்தினருக்கு விட முடியாது. உள்ளாட்சிகள் இதை மேலும் இறுக்கலாம்: டோக்கியோவின் ஷின்ஜுகு வட்டாரத்தில், குடியிருப்புக்கென்றே ஒதுக்கிய பகுதிகளில் வெள்ளி நண்பகல் முதல் திங்கள் நண்பகல் வரை மட்டுமே அனுமதி, கியோட்டோவில் அத்தகைய பகுதிகளில் ஜனவரி நடுவிலிருந்து மார்ச் நடுவரை மட்டுமே அனுமதி. செர்ரி பூக்கும் ஏப்ரல் தொடக்கத்திலோ மேப்பிள் இலை சிவக்கும் நவம்பரிலோ கியோட்டோக் குடியிருப்புத் தெருவில் ஒரு வீடு வாடகைக்குத் தென்பட்டால், அது விடுதிச் சட்டத்தின் கீழ் தனி உரிமம் பெற்றதாக இருக்க வேண்டும். மின்பாகுவாகப் பதிவான வீட்டுக்கு ‘எம்’ என்ற எழுத்தோடு தொடங்கும் பதிவெண் உண்டு; மற்றவற்றுக்குப் பெரும்பாலும் விடுதி உரிம எண் இருக்கும். எந்த எண்ணையும் காட்டாத வீட்டுக்கு, எவ்வளவு மலிவாக இருந்தாலும், முன்பணம் கட்டாதீர்கள்.

சட்டப்படி சரியான வீட்டிலும் ஒரு சிக்கல் உண்டு. ஓசாகாவில் நாங்கள் எடுத்திருந்த வீட்டுக்கு இரவு பத்தரை மணிக்குப் போய்ச் சேர்ந்தோம், நல்ல மழை. சாவி, வாசலில் தொங்கிய சிறு எண்பூட்டுப் பெட்டிக்குள் இருந்தது. அனுப்பியிருந்த நான்கு எண்களைச் சுழற்றி வைத்தும் மூடி திறக்கவில்லை. கைபேசி வெளிச்சத்தில் நான் மறுபடி மறுபடி முயல, என் அம்மா பயணப் பெட்டியின் மேல் உட்கார்ந்து, குடையைப் பேத்தியின் பக்கம் சாய்த்துப் பிடித்திருந்தார். முந்தைய வாரமே எண்ணை மாற்றிவிட்டு எங்களுக்குச் சொல்ல மறந்திருந்தார்கள் என்பது நாற்பது நிமிடம் கழித்துத் தொலைபேசியில் தெரிந்தது. வீடு நல்ல வீடுதான், விசாலமானதும்கூட. ஆனால் மேசைக்குப் பின்னால் நிற்கும் ஓர் ஆளின் அருமை எனக்கு அன்றுதான் விளங்கியது.

கியோட்டோவின் மச்சியா வீடுகளுக்கு மட்டும் நான் விலக்குத் தருவேன். வணிகர்களும் கைவினைஞர்களும் வாழ்ந்த இந்த மர வீடுகளை, தெருவை நோக்கிக் குறுகிய முகப்பும் பின்னால் நீண்டுகொண்டே போகும் உள்ளும் இருப்பதால், ‘விலாங்கு மீனின் படுக்கை’ என்று அவ்வூரார் சொல்வார்கள். எட்டுப் பேர் தாதாமி என்னும் வைக்கோல் பாயில் ஃபூட்டான் மெத்தை விரித்து ஒரே கூரையின் கீழ் உறங்குவது அலாதியான சுகம். ஆனால் மாடிப்படி ஏணியைப் போலச் செங்குத்தாக இருக்கும். முழங்கால் வலியுள்ளவர்கள் தரையிலிருந்து எழுந்து நிற்பதே பாடு. குளிர்காலத்தில் மரச்சுவர் குளிரை அவ்வளவாகத் தடுப்பதில்லை. பக்கத்து வீட்டுக்கு ஓசை கேட்கும் என்பதால் இரவில் குழந்தைகளை அடக்கியே வைத்திருக்க வேண்டும்.

அபார்ட்மெண்ட் ஹோட்டல், பிசினஸ் ஹோட்டலுக்கும் வாடகை வீட்டுக்கும் நடுவில் நிற்கிறது. டோக்கியோ, கியோட்டோ, ஓசாகா மூன்றிலும் கிளைகள் உள்ள மிமாரு என்னும் விடுதித் தொடர், குடும்பங்களையும் குழுக்களையும் மனத்தில் வைத்தே தொடங்கப்பட்டது. ஏறத்தாழ 40 சதுர மீட்டர் அறை, சாப்பாட்டு மேசை, சமையலறை, சில அறைகளில் அடுக்குக் கட்டில் அல்லது தாதாமி மூலை என்று அமைந்திருக்கும். சிட்டாடின்ஸ் விடுதிகளிலும் சிறு சமையலறை உள்ள அறைகள் உண்டு, ஆனால் அவை பெரும்பாலும் இரண்டு மூன்று பேருக்கே பொருந்தும். டோக்யூ ஸ்டே என்னும் மற்றொரு விடுதித் தொடரின் சிறப்பு, பல அறைகளுக்குள்ளேயே வாஷிங் மெஷின் இருப்பது. கைக்குழந்தையோடு போகிறவர்களுக்கு அது ஒன்றே போதுமான காரணம்.

சமையலறையை நம்மவர்கள் ஏன் இவ்வளவு தேடுகிறோம் என்பதை விளக்கத் தேவையில்லை. மிசோ சூப்பிலும் உடோன் நூடுல்ஸிலும் சூரை மீன் சீவலில் எடுத்த சாறு கலந்திருப்பதால், சைவ உணவுக்காரர்களுக்கு ஒரு வேளைச் சோறாவது அறையில் கிடைத்தால் பெரும் நிம்மதி. அரிசியும் தயிரும் எந்த சூப்பர் மார்க்கெட்டிலும் கிடைக்கும். பருப்பும் மசாலாவும் டோக்கியோவில் ஷின்-ஓகுபோ நிலையத்தின் அருகிலும், இந்தியர் நிறைய வாழும் நிஷி-கசாயிலும் கிடைக்கும். அடுப்பு பெரும்பாலும் இண்டக்‌ஷன் வகை என்பதால் அலுமினியக் குக்கரைத் தூக்கிக்கொண்டு போய்ப் பயனில்லை. அது சூடே ஆகாது. அங்கே மின்னழுத்தம் 100 வோல்ட், எனவே நம் மிக்ஸியையும் வீட்டிலேயே விட்டுவிடலாம். தாளிக்கும்போது காற்றுப்போக்கி விசிறியைப் போட மறக்க வேண்டாம்.

பெட்டிகள் விஷயத்திலும் வரவேற்பு மேசை உள்ள இடமே வெல்கிறது. டோக்கியோவிலிருந்து கியோட்டோ போகும் ஷின்கான்சென் அதிவேக ரயிலில், நீள அகல உயரங்களின் கூட்டுத்தொகை 160 சென்டிமீட்டரைத் தாண்டும் பெட்டிக்கு 2020 மே மாதம் முதல், பெரிய பெட்டி வைக்க இடமுள்ள இருக்கையை முன்பதிவு செய்ய வேண்டும். அதைத் தவிர்க்க, பெட்டிகளைத் தக்குபின் என்னும் கூரியரில் அனுப்பிவிட்டுக் கைவீசிப் போகலாம். பொதுவாக மறுநாள் போய்ச் சேரும். ஆனால் மறுமுனையில் வாங்கி வைக்க ஆள் வேண்டும், மின்பாகு வீட்டில் பெரும்பாலும் அது நடக்காது.

செலவை ஒப்பிடும்போது இரவு வாடகையை மட்டும் பார்த்தால் ஏமாறுவோம். பிசினஸ் ஹோட்டல்கள் பெரும்பாலும் ஆள் கணக்கில் வாங்குகின்றன. அபார்ட்மெண்ட் ஹோட்டலில் அறைக் கணக்கு என்பதால் ஆள் கூடக்கூடத் தலைக்கு வரும் தொகை குறையும். வீடுகளில் துப்புரவுக் கட்டணம் ஒருமுறை மொத்தமாக விழும், ஆகையால் இரண்டு இரவுக்கு அது பாரம், ஏழு இரவுக்குப் பரவாயில்லை. கியோட்டோவின் தங்கல் வரி 2026 மார்ச் 1 முதல் உயர்ந்திருக்கிறது: தலைக்கு ஓர் இரவுக்கு 6,000 யென் முதல் 20,000 யென்னுக்குள் கட்டணம் விழுந்தால் வரி 400 யென். ஆறு பேர் மூன்று இரவு தங்கினால் 7,200 யென். முன்பு இதில் பாதிதான்.

பதிவு செய்யுமுன் அறையின் வரைபடத்தைத் திறந்து, கட்டில்களை ஒவ்வொன்றாக எண்ணிப் பாருங்கள். ‘ஆறு பேர் தங்கலாம்’ என்ற வரிக்குள் இரண்டு பேரைச் சோபாவிலும் இரண்டு பேரைத் தரையிலும் படுக்க வைத்திருப்பார்கள். வயதான தாய் தந்தையருக்கு உயரமான கட்டில் இரண்டு உண்டா, கழிப்பறை குளியலறையிலிருந்து தனியாகப் பிரிந்திருக்கிறதா என்ற இரண்டையும் உறுதி செய்துகொண்டு, செர்ரி பருவமானால் ஆறு மாதத்துக்கு முன்பே பதிந்துவிடுங்கள். பெரிய அறைகள் கொண்ட கட்டடங்கள் குறைவு, அவைதான் முதலில் நிரம்புகின்றன.