கெளுத்திக் குஞ்சுக்கு எது சரி: பயோஃபிளாக்கா, சாதாரண தொட்டியா?

பினாங்கின் நிபோங் திபாலில் வீட்டுக்குப் பின்னால் கன்வஸ் தொட்டிகளில் கெளுத்திக் குஞ்சு வளர்த்து விற்கிறேன். தண்ணீரை அதிகம் மாற்றாமல் பாக்டீரியாவை வளர்த்தே சுத்தமாக வைக்கும் பயோஃபிளாக் முறைக்கு மாறச் சொல்லி ஆளாளுக்குச் சொல்லியும் மாறவில்லை.

அதன் நல்லது எல்லாருக்கும் தெரிந்ததுதான். மொலாசஸ் என்னும் கரும்புப் பாகை ஊற்றினால் பாக்டீரியா பெருகி, மீன் கழிவிலிருந்து வரும் அமோனியா நஞ்சை இழுத்துக்கொள்ளும். அப்படித் திரளும் பாக்டீரியாக் கட்டிதான் ஃபிளாக், அதை மீனும் தின்னும். தண்ணீர் செலவு குறைவு, தீவனமும் கொஞ்சம் மிச்சம். 2024 ஜனவரியில் பினாங்கில் தண்ணீர் தடைபட்டபோது எனக்கே ஆசை வந்தது.

ஆனால் குஞ்சு விஷயத்தில் எனக்கு முக்கியம் தண்ணீர் இல்லை, அளவு பார்த்துத் தரம் பிரிப்பதுதான். கெளுத்தி தன் இனத்தையே தின்னும். ஒரே நாளில் பொரித்தவற்றிலும் சிலது மட்டும் மளமளவென்று பெருத்துவிடும். சின்னதாக இருக்கும்போது வாலைக் கவ்வி உடம்பைத் தின்றுவிட்டுத் தலையை விட்டுவிடும். பெரிதானதும் முழுசாகவே விழுங்கிவிடும். சாதாரண தொட்டியில் காலையில் அடியில் வெறும் தலைகள் கிடந்தால், அன்றைக்கே ஓட்டை போட்ட பேசினை எடுத்துப் பிரித்துவிடுவேன். பயோஃபிளாக்கில் தண்ணீர் தே தாரிக் மாதிரி கலங்கலாக இருக்கும், தலையும் தெரியாது, வாலும் தெரியாது. வலை போட்டால் ஃபிளாக்கும் சேர்ந்து வந்து கண்ணியை அடைக்கும். அதைவிடப் பெரிய தொல்லை, பிரித்த பிறகுதான். ஒரு தொட்டி மீன் மூன்றாகும். மூன்றுக்கும் ஃபிளாக் பழுத்த தண்ணீர் தயாராக இருக்க வேண்டும். அது பழுக்கவே வாரக்கணக்காகும். எனக்கோ முதல் நாள் பைப் தண்ணீர் பிடித்துக் குளோரின் போக்கி வைத்தால் போதும்.

கலங்கல் தண்ணீரில் சண்டை குறையும் என்பார்கள். உண்மைதான், கெளுத்திக்கு மங்கல்தான் பிடிக்கும். அதற்குத் தொட்டிமேல் கறுப்பு வலை போட்டாலே ஆயிற்று.

கரண்ட் போனாலும் பயோஃபிளாக்கில்தான் ஆபத்து அதிகம், பாக்டீரியாவும் ஆக்சிஜன் இழுக்கும். கெளுத்தி மேலே வந்து காற்றை முழுங்கிச் சமாளிக்கும் என்பது வளர்ந்த மீனுக்குத்தான். பொரித்து இரண்டு மூன்று வாரம்வரை குஞ்சுக்குச் செவுளை விட்டால் வேறு கதியில்லை.

விரல் நீளம் தாண்டினால் கணக்கு மாறலாம். அதற்குமேல் நான் வளர்ப்பதில்லை, கேள்விப்பட்டதைத்தான் சொல்கிறேன். என்னிடம் வாங்குகிறவர்களில் பயோஃபிளாக் வைத்திருப்பவர்களும் உண்டு. மீன் நன்றாக எடை ஏறுகிறது என்கிறார்கள். அவர்களும் விலையைக் கேட்பதற்கு முன்னால் கேட்பது, “எல்லாம் ஒரே சைஸ்தானே, அண்ணே?”