என்விடிஏவும் நானும்: எட்டு வருடமாகக் காதால் வலைத்தளம் பார்த்த அனுபவம்

எட்டு வருடமாகக் கணினியில் என் கண் என்விடிஏதான். எழுத்தைக் குரலாக்கிச் சொல்லும் இந்த ஸ்கிரீன் ரீடரை 2006இல் ஆஸ்திரேலியாவில் எழுதத் தொடங்கியவர் மைக்கேல் கர்ரன். அவரும் பார்வையற்றவர். விண்டோஸ் இருந்தால் போதும், இலவசமாகப் போட்டுக்கொள்ளலாம். தரமணியில் ஒரு அலுவலகத்தில் எங்கள் டீம் செய்யும் பக்கங்களைச் சோதித்துப் பார்ப்பது என் வேலை. அதனால் காலையிலிருந்து இரவு வரை இந்தக் குரல் காதில் ஓடிக்கொண்டே இருக்கும்.

மென்பொருளைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு அதிகம் இல்லை. எச் தட்டினால் அடுத்த தலைப்பு, பி தட்டினால் அடுத்த பட்டன், ஈ தட்டினால் அடுத்து எழுதும் கட்டம். ஒழுங்காகக் கட்டிய பக்கத்தில் பார்வையுள்ளவர் வேகத்துக்கு நானும் ஓடுவேன். ஈஸ்பீக் தமிழ்க் குரலில் இயந்திர வாடை உண்டு. ஆனால் எவ்வளவு வேகமாக ஓடவிட்டாலும் புரியும், அதனால் அதையே பழகிக்கொண்டேன். நீளமான கட்டுரை என்றால் மட்டும் விண்டோஸோடு வரும் வள்ளுவர் குரலுக்கு மாறிக்கொள்வேன்.

சிக்கல் எல்லாம் அது வாசிக்கப்போகும் பக்கத்தில்தான்.

போன பொங்கலுக்குத் திருநெல்வேலிக்கு பஸ் டிக்கெட் போட உட்கார்ந்தேன். ஊர்ப் பெயர்களைக் கொடுத்தாயிற்று. தேதிக் கட்டத்தில் என்டர் தட்டினேன், ஒரு சத்தமும் இல்லை. காலண்டர் திரையில் விரிந்திருக்கிறது, எனக்குத்தான் யாரும் சொல்லவில்லை. கீழ் அம்புக்குறியை அழுத்தி அழுத்திப் பக்கத்தின் அடிவரை போனால் அங்கே கிடக்கிறது: "12 கிளிக்கபிள், 13 கிளிக்கபிள், 14 கிளிக்கபிள்." எந்த மாதத்து 13? தெரியாது. தட்டினேன். தேர்வானதா? அதற்கும் பதில் இல்லை. எப்படியோ அடுத்த பக்கத்துக்குப் போனால் சீட் வரைபடம். "கிராஃபிக், கிராஃபிக், கிராஃபிக்" என்று ஒரே வார்த்தை. கீழ் பெர்த்தா, மேல் பெர்த்தா, ஏற்கெனவே போனதா, ஒன்றும் தெரியவில்லை. கடைசியில் பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிட்டேன். அவர் இரண்டு நிமிடத்தில் போட்டுக் கொடுத்தார். கையில் பணமும் இருந்தது, கார்டும் இருந்தது. ஒவ்வொரு படத்துக்கும் பின்னால் "12ஏ, கீழ் பெர்த், காலி" என்று நாலு வார்த்தை எழுதியிருந்தால் அக்காவை அடுப்படியிலிருந்து கூப்பிட்டிருக்க வேண்டாம்.

இது ஏன் நடக்கிறது என்று வேலையில் இருப்பதால் எனக்குத் தெரியும். வலைப்பக்கத்தை எழுதும் மொழியான எச்டிஎம்எல்லில் பட்டன் என்றே ஒரு எலிமென்ட், அதாவது ஆயத்த உறுப்பு, இருக்கிறது. அதைப் போட்டால் டேப் சாவியில் வந்து நிற்கும், என்டரிலும் ஸ்பேஸிலும் வேலை செய்யும், "பட்டன்" என்று அறிவிக்கும். எல்லாம் சும்மா கிடைக்கிறது. அதை விட்டுவிட்டு டிவ் என்ற வெறும் பெட்டியை எடுத்து, நிறம் பூசி, மவுஸ் கிளிக்கை மட்டும் மாட்டிவிட்டால் பார்வைக்கு அது பட்டன், என் காதுக்கு வெறும் எழுத்து.

எங்கள் டீமில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண், உறுதி கேட்கும் பெட்டி ஒன்றைச் செய்து கொண்டுவந்தாள். "அண்ணா, டெஸ்ட் எல்லாம் பாஸ். நீங்க ஒரு தடவை பாத்துடுங்க" என்றாள். நான் மானிட்டரை அணைத்துவிட்டு ஹெட்போனை அவளிடம் கொடுத்தேன். "ரத்து பட்டனை அமுக்கு, பாப்போம்." டேப் தட்டினாள், தட்டினாள், தட்டிக்கொண்டே இருந்தாள். குரல் பெட்டிக்குப் பின்னால் இருந்த லிங்க்குகளையே படித்துக்கொண்டிருந்தது. "அண்ணா, உள்ளயே போக மாட்டேங்குதே!" என்றாள். "எனக்கும் அப்படித்தாம்மா" என்றேன்.

அன்று சாயங்காலமே மாற்றிவிட்டாள். டிவ்வைத் தூக்கிவிட்டு இதற்கென்றே உள்ள டயலாக் எலிமென்ட், அதை ஷோமோடல் என்ற கட்டளை வழியாகத் திறப்பது, அவ்வளவுதான். பெட்டி திறந்ததும் ஃபோகஸ், அதாவது கீபோர்டு நிற்கும் இடம், உள்ளே வந்தது, பின்னால் இருப்பது அடைபட்டது, எஸ்கேப் அழுத்தினால் மூடியது, மூடியதும் பழைய பட்டனுக்கே திரும்பியது. இதற்காக அவள் முன்பு எழுதிய ஜாவாஸ்கிரிப்ட்டில் பெரும்பகுதி தேவையில்லாமல் போயிற்று.

ஏரியாவைப் (ARIA) பற்றியும் சொல்ல வேண்டும். இது என்ன உறுப்பு, என்ன நிலையில் இருக்கிறது என்று ஸ்கிரீன் ரீடருக்குச் சொல்ல எச்டிஎம்எல்லில் சேர்க்கும் குறிப்புகள் அவை. தப்பான ஏரியாவைவிட ஏரியா இல்லாமலிருப்பதே மேல் என்று வலைத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சியின் வழிகாட்டியே சொல்கிறது. அதை நான் தினமும் அனுபவிக்கிறேன். தளத்தின் சாதாரண லிங்க் பட்டியலுக்கு 'மெனு' என்று ரோல் கொடுத்துவிடுகிறார்கள். உடனே என்விடிஏ அதை மென்பொருள் மெனு என்று நம்பி அடிக்கும் எழுத்தையெல்லாம் பக்கத்துக்கே அனுப்பும் ஃபோகஸ் மோடுக்குப் போய்விடும். அப்புறம் தலைப்புக்கு எச், லிங்க்குக்கு கே எதுவும் வேலை செய்யாது. அக்கறையோடு சேர்த்த ஒரு வார்த்தைதான் என்னைப் பூட்டி வைக்கிறது.

தமிழ்ப் பக்கங்களில் இன்னொரு துன்பம். ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் வடிவம் பூசிய பழைய பாமினி எழுத்துருவில் அடித்ததை அப்படியே ஏற்றியிருப்பார்கள். கண்ணுக்கு 'தமிழ்' என்று தெரியும், என் காதில் "ஜே கே பி ஓ" என்று விழும். எல்லா மொழிக்கும் பொதுவான யூனிகோடில் இருந்தாலும் பக்கத்தின் மொழி 'ஆங்கிலம்' என்று குறித்திருந்தால் குரல் தமிழுக்கு மாறாது. மொழிக் குறியீட்டில் இரண்டு எழுத்து மாற்றினால் தீர்ந்தது, ஆனால் மாற்றித்தர ஆள் கிடைப்பதில்லை.

ஓடிபிக்கு ஆறு தனிக் கட்டம், ஒன்றுக்கும் பெயர் இல்லை, கூடவே ஓடும் கடிகாரம். வங்கிக் கணக்குக்கு முகத்தைக் காட்டிக் கண் சிமிட்டச் சொல்வது அதைவிடக் கொடுமை. எந்தப் பக்கம் கேமரா என்றே தெரியாமல் எத்தனை முறை சிமிட்டியிருப்பேன்! 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம், வாடிக்கையாளர் யார் என்று சரிபார்க்கும் கேஒய்சி முறைகளை மாற்றுத்திறனாளிகளுக்கும் எட்டும்படி மாற்ற உத்தரவிட்டு, டிஜிட்டல் அணுகலை அரசியலமைப்பில் வாழும் உரிமையைத் தரும் 21ஆம் பிரிவோடு சேர்த்துச் சொன்னது. வழக்குத் தொடுத்தவர்களில் ஆசிட் வீச்சில் கண் பாதிக்கப்பட்ட ஒரு பெண்ணும் உண்டு. அந்தச் செய்தியை என்விடிஏ வாசிக்கக் கேட்டபோது நெஞ்சு அடைத்துவிட்டது.

எட்டு வருடத்தில் என்னை அதிகம் வருத்துவது மோசமான தளம்கூட இல்லை, நன்றாக இருந்து கெட்டுப்போகும் தளம்தான். நான் பணம் அனுப்பப் பயன்படுத்தும் ஒரு தளத்தில் எல்லாம் விரல்நுனியில் பழகியிருந்தது. புதுத் தோற்றம் கொடுத்தார்கள், 'அனுப்பு' பட்டன் காதிலிருந்து காணாமல் போனது. புகார் எழுதினேன். சரி செய்தார்கள், ஏழு மாதம் கழித்து. அடுத்த புதுத் தோற்றத்தில் மறுபடியும் போயிற்று. அதனால் எங்கள் டீமில் இப்போது ஒவ்வொரு வெளியீட்டுக்கு முன்னாலும் கீபோர்டிலேயே ஒரு சுற்று போய்ப் பார்த்துவிட்டுத்தான் விடுகிறோம்.

இப்போது அந்தப் பெண்ணும் நானும் ஒரு தேதிக் கட்டத்தில் உட்கார்ந்திருக்கிறோம். தேதியை நேரடியாக அடிக்கலாம், காலண்டர் வேண்டுமென்றால் பக்கத்திலேயே ஒரு பட்டன். நேற்று அதில் போய் நின்றதும் "பயணத் தேதி, நாள் மாதம் வருடம் என்ற வரிசையில்" என்றது குரல். 13 01 2027 என்று அடித்து என்டர் தட்டினேன். "புதன்கிழமை" என்று பதில் வந்தது. இனி சீட் வரைபடம்.