செற்றர் இல்லாத இறுதியாட்டம்: 5-1 ஆ, 4-2 ஆ?

ஞாயிறு இரவு பரந்தனில் மின்னொளியில் நடக்கவுள்ள கரப்பந்தாட்ட இறுதியாட்டத்தில் எங்கள் அணிக்கு யார் பந்து தூக்கிக் கொடுப்பது என்பதே இப்போது ஊரில் எல்லோருடைய கேள்வியுமாக இருக்கிறது. வழமையாகப் பந்து தூக்கும் செற்றர் டெங்குக் காய்ச்சலுடன் வைத்தியசாலையில் இருக்கிறார். இன்று ஐந்தாம் நாள்.

"காய்ச்சல் விட்டிட்டுதாம் அண்ணை, ஒரு செற்றுக்காவது இறக்குவம்" என்று இளையவர்கள் கேட்கிறார்கள். அவர்களுடைய ஆசை விளங்குகிறது. ஆனால் இந்தத் தெரிவை மற்றவற்றோடு சேர்த்து எடைபோடவே கூடாது. டெங்கில் காய்ச்சல் இறங்கும் வேளைதான் ஆபத்தான கட்டம் தொடங்கும் வேளை. அடுத்த 24 முதல் 48 மணித்தியாலங்களில் இரத்தக் குழாய்களிலிருந்து நீர்ப்பகுதி கசியலாம். குருதிச் சிறுதட்டுக்களும் குறைந்திருக்கும். அந்தக் கட்டத்தைத் தாண்டியவருக்கும் உடற்சோர்வு வாரக்கணக்கில் நீடிப்பதுண்டு. உடல்வலிக்கு இபுபுரோபன் போட்டுக்கொண்டு ஆடலாம் என்று ஒருவர் சொன்னது இன்னும் மோசமான யோசனை, ஏனெனில் அது இரத்தக்கசிவைக் கூட்டக்கூடிய மருந்து.

எனவே மாற்றுச் செற்றர் ஒருவரே எப்போதும் தூக்க மற்ற ஐவரும் அடிக்கும் 5-1 முறையில் ஆடுவதா, அல்லது அவரும் வலப்பக்க அடிகாரரும் முன்வரிசைக்கு வரும்போது மாறிமாறித் தூக்க மற்ற நால்வரும் அடிக்கும் 4-2 முறையில் ஆடுவதா என்பதே உண்மையான போட்டி. மாற்றுச் செற்றர் விரல் மென்மையுள்ள பெடியன், ஆனால் உயரம் குறைவு. முன்வரிசைக்கு வரும்போது எதிரணி அவர் தலைக்கு மேலால்தான் அடிக்கும். வலப்பக்க அடிகாரர் முன்பு செற்றராக ஆடிப் பழகியவர், இன்று எங்களுக்கு அதிக புள்ளி எடுத்துத் தருபவரும் அவரே.

இரு முறைகளையும் ஆறு பேரும் இடம் மாறி நிற்கும் ஒவ்வொரு சுற்றாக வைத்துப் பார்த்தால், வாதாடுகிறவர்கள் நினைக்கும் அளவுக்கு வேறுபாடு இல்லை. மாற்றுச் செற்றர் முன்வரிசையில் நிற்கும் மூன்று சுற்றுகளில் எந்த முறையானாலும் அவரே பந்து தூக்குவார். முன்னால் அடிப்பவர்கள் இருவர்தான். அவர் பின்வரிசையில் நிற்கும் மற்ற மூன்று சுற்றுகளில்தான் வழி பிரிகிறது. 5-1 இல் அவர் பின்னாலிருந்து வலைக்கு ஓடிவந்து தூக்க, முன்னால் மூவர் அடிக்கலாம், வலையருகே எதிரணி போடும் பிளாக், அதாவது தடுப்பு, சிதறும். 4-2 இல் வலப்பக்க அடிகாரர் வலையருகே நின்றபடியே தூக்குவார். ஓட்டமும் குழப்பமும் இல்லை, ஆனால் எங்கள் சிறந்த அடி கைவிட்டுப் போகும்.

6-2 முறையையும் சிலர் சொல்கிறார்கள். அதில் இருவரும் பின்வரிசையிலிருந்து ஓடிவந்து தூக்க வேண்டும். உயரம் குறைந்த பெடியன் முன்வரிசையில் அடிகாரராகவும் நிற்க வேண்டிவரும். ஆளை மாற்றிச் சமாளிக்கலாம் என்றால், ஒரு செற்றுக்கு ஆறு மாற்றங்களே உண்டு, வெளியே போனவர் ஒருமுறைதான் திரும்பி வரலாம். பின்வரிசையில் மட்டும் ஆடும் தற்காப்பு ஆட்டக்காரரான லிபரோ தூக்கலாம் என்பதும் சரிவராது: அவர் மூன்று மீற்றர் கோட்டுக்கு முன்னால் நின்று விரல்களால் தூக்கிய பந்தை வலைக்கு மேலான உயரத்தில் வைத்து அடிக்க முடியாது.

என் தெரிவு 5-1. சேவிஸ் எங்களுக்கு முதலில் கிடைத்தால் பெடியனை முதலாம் இடத்தில், அதாவது பின்வரிசையின் வலது மூலையில், நிறுத்த வேண்டும்; மூன்று சுற்றுகள் பின்வரிசையில் கழியும், அதற்குள் கை நடுக்கமும் போய்விடும். பயம் பனியைப் பற்றித்தான். தை மாதத்தில் எங்கள் பக்கத்துத் திறந்த மைதானங்களில் இரவு ஏறஏறப் பந்து நனைந்துவிடும், பந்தெடுப்புச் சிதறும், பின்னாலிருந்து ஓடிவருகிறவரின் விரல்களில் பந்து வழுக்கி இரட்டைத் தொடுகை விசில் விழும். அந்த நேரத்தில் 4-2 க்கு மாற ஆள்மாற்றம் எதுவும் தேவையில்லை, ஏனெனில் இரண்டு முறைகளிலும் இவ்விருவரும் நேரெதிர் இடங்களில்தான் நிற்கிறார்கள்; நடுவரிடம் கொடுத்த வரிசையும் அதேதான். பயிற்றுநர் ஒரு சொல் சொன்னால் போதும். அதற்கு இன்றும் நாளையும் பின்னேரப் பயிற்சியில், பந்தை வாளித் தண்ணீரில் தோய்த்தெடுத்து, வலப்பக்க அடிகாரர் தூக்க மற்றவர்கள் அடித்துப் பழக வேண்டும்.