மார்கழிக் கச்சேரிக்கு மாணவர்களை அழைத்துப் போகிறீர்களா? 88,000 ரூபாய் போன கதையைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள்

கல்லூரி மாணவர்களுக்கென்றே ‘சென்னை கலைப் பயணம்’ ஏற்பாடு செய்து தருகிற ஒரு டிராவல்ஸ். அலுவலகம் கிடையாது, இன்ஸ்டாகிராம் பக்கமும் ஒரு வாட்ஸ்அப் நம்பரும்தான். மதுரைப் பக்கத்துக் கல்லூரி, மாணவர்கள் 40 பேர், தலைக்கு 2,200. மொத்தம் 88,000 ரூபாய். பாதிப் பிள்ளைகளின் வீட்டில் கடன் வாங்கிக் கொடுத்த காசு அது.

தலைக் கணக்கை இப்படிப் பிரித்துக் கொடுத்தார்கள்: எழும்பூரில் இரண்டு இரவு தங்க 900, சபா (கச்சேரி நடத்தும் அமைப்பு) டிக்கெட் 600, நுழைவுக் கட்டணமும் அனுமதியும் 250, மூன்று நாள் பஸ் 450. கூடவே ஜிஎஸ்டி சான்றிதழ், லாட்ஜ் புக்கிங், சபா முத்திரை போட்ட ‘குரூப் பாஸ்’ எல்லாம் பிடிஎஃப்பாக வந்தன. ஆனால் நம்ப வைத்தது அந்தக் காகிதங்கள் இல்லை. டிராவல்ஸிலிருந்து போனில் பேசிய பெண் ஆசிரியரிடம் தானாகவே கேட்டார்: “மேடம், பொண்ணுங்க எத்தனை பேர்? அவங்களுக்குத் தனி ஃப்ளோர் சொல்லிடறேன்.” பெண் பிள்ளைகளை வெளியூர் கூட்டிப் போகிற எந்த ஆசிரியருக்கும் இந்த ஒரு கேள்வி போதும். அது தெரிந்துதான் கேட்கிறார்கள்.

வெள்ளிக்கிழமை விடிகாலை எழும்பூரில் இறங்கினால், அந்த லாட்ஜில் புக்கிங்கே இல்லை. பஸ் வந்தது, டிரைவரிடம் பேசியிருந்தது ஒரு நாள் வாடகை மட்டும். முதல் இடம் எழும்பூர் அரசு அருங்காட்சியகம். அதற்கு வெள்ளிக்கிழமை விடுமுறை! 1851-இல் தொடங்கிய அந்த அருங்காட்சியகத்தின் சோழர் செப்புத் திருமேனிகளைப் பார்க்கத்தான் பிள்ளைகள் மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். மூடிய கேட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள்.

அடுத்தது சபா. 600 ரூபாய் ‘பாஸ்’ என்று கொடுத்ததைக் காட்டினால், வாசலில் இருந்தவர் அதை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. “மத்தியானக் கச்சேரிக்கு டிக்கெட்டே கிடையாதும்மா, யார் வேணா உட்காரலாம்” என்றார். சீசனில் பெரும்பாலான சபாக்களில் இளம் கலைஞர்கள் பாடும் மதிய நேரம் இலவசம். மியூசிக் அகாடமியில் காலை லெக்-டெம்முக்கும் (பேசியும் பாடியும் விளக்கும் நிகழ்ச்சி) கட்டணமில்லை. காசு வாங்குவது மாலை முக்கியக் கச்சேரிக்குத்தான். அந்த டிக்கெட்டையும் சபா கவுன்ட்டரிலோ சபா சொல்லும் ஆன்லைன் தளத்திலோ நேரடியாக வாங்கலாம். இலவச இருக்கையை 600 ரூபாய்க்கு விற்று, அதில் மட்டும் 24,000 சுருட்டியிருக்கிறார்கள்.

ஞாயிறு மதியம் ‘கலாக்ஷேத்ராவில் வகுப்புகளைப் பார்வையிடல்’ என்றும் அட்டவணையில் இருந்தது. நடனமும் இசையும் சொல்லித்தரும் இடம் அது. ஞாயிற்றுக்கிழமை அங்கே ஏது வகுப்பு? அனுமதிக் கடிதமே போகவில்லை.

தங்க இடம், பஸ், சாப்பாடு எல்லாம் மறுபடியும் கைக்காசு. 88,000 ரூபாய்க்குக் கிடைத்தது ஒரு நாள் பஸ்.

அதற்கப்புறம் வந்த பதில்களைக் கேளுங்கள். “ஓனர் திருப்பதி போயிருக்கார்.” “அக்கவுண்ட்ஸ்ல பார்க்கிறாங்க, திங்கட்கிழமை ரீஃபண்ட் வந்துடும்.” “கச்சேரி கேட்டீங்கல்ல மேடம், அப்புறம் எதுக்கு முழுப் பணம்?” கடைசியில் வாட்ஸ்அப்பில் மெசேஜ் தானாக அழியும் வசதியைப் போட்டுவிட்டு, இரண்டு நாளில் நம்பரையே பிளாக் செய்துவிட்டார்கள். அந்த ஜிஎஸ்டி எண்ணை அரசுத் தளத்தில் தேடினால் ஒரு இரும்புக் கடையின் பெயர் வருகிறது. 88,000 ரூபாய் போய்ச் சேர்ந்ததும் கம்பெனி கணக்கில்லை, தனி ஆள் கணக்கு.

விரிவாக எழுத இப்போது பொறுமை இல்லை. இதையாவது செய்யுங்கள்:

பயண அட்டவணை வந்ததும் விடுமுறை நாளைப் பாருங்கள். எழும்பூர் அருங்காட்சியகம் வெள்ளி, முட்டுக்காடு தக்ஷிணசித்ரா (தென்னிந்தியக் கலை, கைவினை அருங்காட்சியகம்) செவ்வாய். அந்த நாளில் அந்த இடத்தைப் போட்டிருந்தால் அவர்கள் எங்கேயும் பேசவே இல்லை என்று அர்த்தம்.

லாட்ஜ் நம்பரை அவர்களிடம் வாங்காதீர்கள். நீங்களே தேடிக் கூப்பிட்டு, உங்கள் கல்லூரி பெயரில் ரூம் இருக்கிறதா என்று கேளுங்கள்.

பஸ் பதிவு எண்ணை முன்கூட்டியே வாங்கி, எம்பரிவாகன் என்ற அரசு செயலியில் எஃப்.சி.யும் (வண்டியின் தகுதிச் சான்று) இன்சூரன்ஸும் பாருங்கள்.

ரயில் டிக்கெட்டை யாரிடமும் விடாதீர்கள். கல்விச் சுற்றுலாவுக்குக் கல்லூரி முதல்வர் கையெழுத்திட்ட படிவத்தோடு ஸ்லீப்பரில் பாதிக் கட்டணச் சலுகை உண்டு.

ஏமாந்தது தெரிந்த அன்றைக்கே சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்குக் கூப்பிடுங்கள். பணம் கணக்கை விட்டுப் போகுமுன் முடக்க அதுதான் வழி. நுகர்வோர் புகாருக்கு 1915. மெசேஜ் எல்லாவற்றையும் உடனே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், அழித்துவிடுவார்கள்.