பிரிட்ஜில் கேஸ் தீர்ந்துவிட்டதாகச் சொல்லி வந்தவர்: பள்ளத்தூரிலிருந்து ஓர் எச்சரிக்கை

கடந்த சித்திரையில், பள்ளத்தூரில் உள்ள எங்கள் வீட்டுக்கு பிரிட்ஜ் பழுது பார்க்க வந்த ஒருவர், எந்தப் பழுதையும் பார்க்காமல் 3,850 ரூபாய் வாங்கிக்கொண்டு சென்றார். இது பெரிய தொகையா என்று சிலர் கேட்கக்கூடும். அவர் கையாண்ட தந்திரம் பிரிட்ஜின் இயக்கத்தை நன்கு அறிந்தவரால் மட்டுமே செய்யக்கூடியது என்பதாலும், செட்டிநாட்டு ஊர்களில் பிள்ளைகள் எல்லாம் வெளியூரில் இருக்க, பெரிய வீட்டில் வயதானவர்கள் மட்டும் தங்கியிருப்பது வழக்கமாகிவிட்டதாலும், நடந்ததை விரிவாகவே எழுதுகிறேன்.

நான் கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறேன். ஊர் வீட்டில் ஆத்தா மட்டும் இருக்கிறார். பிரிட்ஜ் வாங்கி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. இரண்டு கதவு உள்ளது. தானாகவே பனி நீக்கிக்கொள்ளும் வகை. மேல் தட்டில் ஐஸ் நன்றாகக் கட்டுகிறது, ஆனால் கீழே வைத்த மோர் மறுநாளே புளித்துவிடுகிறது, இட்லி மாவு பொங்கி வழிகிறது என்று ஆத்தா ஒருநாள் காலையில் தொலைபேசியில் சொன்னார். அதற்கு ஒரு வாரம் முன்பே, "உள்ளுக்குள்ள என்னமோ உரசுற மாதிரி சத்தம் கேக்குதுப்பா" என்றும் சொல்லியிருந்தார். அப்போது அதை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இந்த இரண்டு செய்திகளை மட்டும் கேட்டே, விவரம் தெரிந்தவர்கள் பழுது எங்கே இருக்கக்கூடும் என்று சொல்லிவிடுவார்கள் என்பதைப் பிறகுதான் அறிந்தேன்.

முதல் தவறு என்னுடையதே. பிரிட்ஜ் நிறுவனத்தின் பெயரையும், பக்கத்து நகரமான காரைக்குடியின் பெயரையும் சேர்த்து இணையத்தில் தேடினேன். முதலில் வந்த பக்கத்தில் நிறுவனத்தின் சின்னமும், "அங்கீகரிக்கப்பட்ட சேவை மையம்" என்ற வரியும், ஒரு கைப்பேசி எண்ணும் இருந்தன. அந்த எண்ணையே ஆத்தாவுக்கு அனுப்பி, பேசச் சொன்னேன். நிறுவனத்தின் சொந்த எண் பிரிட்ஜின் உட்பக்கச் சுவரில் ஒட்டியிருக்கும் தாளிலும், வாரண்டி அட்டையிலும் அச்சிடப்பட்டிருந்தது. கதவைத் திறந்து பார்க்கச் சொல்லியிருந்தால் போதும். தேடலில் முன்னால் வரும் பக்கம் பணம் கொடுத்து வைத்த விளம்பரமாக இருக்கலாம் என்பதும், எந்த நிறுவனத்தின் பெயரிலும் எவரும் ஒரு பக்கத்தைத் தொடங்கிவிடலாம் என்பதும் எனக்குத் தெரியாதவை அல்ல. அவசரத்தில் மறந்துபோனேன்.

அன்று மாலையே ஒருவர் வந்துவிட்டார். நிறுவனத்தின் பெயர் அச்சிட்ட சட்டை அணிந்திருந்தார். கையில் ஒரு பையும், வெளிர்நீல நிறச் சிலிண்டரும் இருந்தன. ஆத்தாவை "மேடம்" என்று அழைத்திருக்கிறார். நம் பக்கத்தில் வேலைக்கு வருபவர்கள் ஆச்சி என்றுதான் கூப்பிடுவார்கள். அப்போதே அது தனக்கு ஒரு மாதிரியாகப் பட்டதாக ஆத்தா பின்னர் சொன்னார். கதவைத் திறந்து, கையை உள்ளே விட்டுப் பார்த்துவிட்டு, குளிர்விக்கும் வாயுவான கேஸ் சுத்தமாகத் தீர்ந்துவிட்டது என்றும், அந்த வாயுவை அழுத்திச் சுற்றவிடும் கம்ப்ரஸரும் பலவீனமாக இருக்கிறது என்றும், இப்போதைக்கு கேஸ் மட்டும் ஏற்றிவிட்டால் ஓடும் என்றும் சொல்லியிருக்கிறார். வந்ததற்கு 350 ரூபாய், கேஸுக்கு 3,500 ரூபாய். பிரிட்ஜை இழுத்துத் திருப்பி, பின்னால் குனிந்து பத்து நிமிடம் ஏதோ செய்தாராம். எழுந்து, "கேஸ் செட் ஆகணும் மேடம், ஒரு நாள் முழுக்க ஆஃப் பண்ணி, கதவத் தொறந்து வெச்சிருங்க, நாளைக்கு இந்நேரம் போடுங்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்பியிருக்கிறார். பணத்தை கியூஆர் குறியீட்டின் வழியாக அனுப்பியவனும் நான்தான்; திரையில் நிறுவனத்தின் பெயர் வரவில்லை, ஒரு தனிநபரின் பெயர்தான் வந்தது. அதைப் பார்த்தும் அழுத்தினேன்.

அன்று இரவு இரண்டாம் கட்டுத் தரை முழுவதும் தண்ணீர். பிரிட்ஜுக்கு அடியிலிருந்து கசிந்து, ஆத்தங்குடிக் கல் மேல் ஓடி, முற்றத்தைச் சுற்றிய வளவுப் பக்கம் வரைக்கும் வந்துவிட்டது. ஆத்தா பழைய வேட்டியைப் போட்டுப் பிழிந்து பிழிந்து ஒரு வாளி தண்ணீர் எடுத்ததாகச் சொன்னார். கேஸ் ஏற்றினால் எதற்குத் தண்ணீர் வரவேண்டும் என்று அப்போது நான் கேட்டிருக்க வேண்டும். மறுநாள் மாலையில் போட்டார். கீழ்த்தட்டு ஜில்லென்று இருந்தது. எங்களுக்கு நிம்மதி. பதினாறாம் நாள் மோர் மறுபடியும் புளித்தது.

அந்த எண்ணை அழைத்தேன். இரண்டு முறை மணி அடித்தது. பிறகு என் எண்ணிலிருந்து இணைப்பே போகவில்லை. வார இறுதியில் ஊருக்குச் சென்று, காரைக்குடியில் செக்காலைப் பக்கம் வெகு காலமாகக் கடை வைத்திருக்கும் ஒரு மெக்கானிக்கை அழைத்து வந்தேன். அவர் பிரிட்ஜைத் திறக்கவே இல்லை. நேராகப் பின்பக்கம் போய், டார்ச் அடித்து, என்னைக் குனியச் சொன்னார். கருப்புக் கம்ப்ரஸரின் பக்கத்தில், விரல் நீளத்துக்கு ஒரு செப்புக் குழாய் நீட்டிக்கொண்டிருந்தது. அதன் நுனி நசுக்கி, பற்றவைத்து மூடப்பட்டிருந்தது. மேலே நான்கு வருடத்துத் தூசி, ஓர் ஒட்டடை.

"கேஸ் ஏத்தணும்னா இந்தக் குழாயத்தான் வெட்டணும், இல்ல ஊசி வால்வு போட்டு ஓட்ட போடணும். இதுல கையே படல பாருங்க தம்பி. உங்களுக்கு அவன் ஒண்ணுமே ஏத்தல" என்றார்.

பிறகு பக்கவாட்டில் ஒட்டியிருந்த சிறு தாளைப் படித்துக் காட்டினார். எங்கள் பிரிட்ஜில் இருப்பது ஆர்-600ஏ என்னும் வாயு, அளவு 50 கிராமுக்கும் குறைவு. இது எரியக்கூடிய வாயு. தராசில் கிராம் கணக்காக நிறுத்துத்தான் ஏற்ற வேண்டும். வந்தவரிடம் தராசு இருந்ததா என்று கேட்டார். ஆத்தா இல்லை என்றார். வெளிர்நீலச் சிலிண்டர் என்றதும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த நிறம் ஆர்-134ஏ என்னும் வேறு வாயுவுக்கு வழக்கமாக உரியது. அதற்கு வேறு எண்ணெய், வேறு அழுத்தம். அதை உண்மையிலேயே இதில் ஏற்றியிருந்தால் கம்ப்ரஸர் பாழாகியிருக்கும். "அவன் ஏமாத்துனதே உங்களுக்கு நல்லதாப் போச்சு ஆச்சி" என்றார். ஆத்தாவுக்கு அந்த நகைச்சுவை பிடிக்கவில்லை.

மேல் தட்டின் பின்பலகையை அவர் கழற்றியபோது, பின்னால் பாலாடை நிறத்தில் ஒரு பனிச்சுவர் எழுந்து நின்றது. குளிர்ந்த காற்றைக் கீழே தள்ளும் சிறு விசிறி அதில் பாதி புதைந்திருந்தது. இறக்கைகள் பனியில் உரசி உரசி அரைவட்டமாக ஒரு தடம் போட்டிருந்தன. ஆத்தா கேட்ட சத்தம் அதுதான். இந்த வகை பிரிட்ஜில் குளிர் உண்டாவது மேலே, பலகைக்குப் பின்னால் மட்டும். கீழ்த்தட்டுக்கு விசிறிதான் காற்றை அனுப்புகிறது. அங்கே சேரும் பனியைச் சில மணி நேரத்துக்கு ஒருமுறை ஒரு ஹீட்டர் உருக்கிவிட வேண்டும். அது உருக்காவிட்டால் பனி வளர்ந்து காற்று வழியை அடைத்துவிடும். மேலே ஐஸ் இருக்கும், கீழே வெப்பமாக இருக்கும். கேஸ் கசிந்து குறைந்திருந்தால், பெரும்பாலும் மேல் தட்டிலேயே ஐஸ் கட்டுவது குறைந்துவிடும் என்றார். கேஸ் என்பது ஸ்கூட்டர் பெட்ரோல் போல ஓட ஓடத் தீர்வதும் அன்று. மூடிய குழாய்க்குள் சுற்றிக்கொண்டே இருப்பது. குறைந்தது என்றால் எங்கோ ஓட்டை விழுந்திருக்க வேண்டும். ஓட்டையைத் தேடி அடைக்காமல் ஏற்றுவதாகச் சொல்பவரை நம்பவே கூடாது.

முதலில் வந்தவர் ஒரு நாள் முழுக்க நிறுத்தி, கதவைத் திறந்து வைக்கச் சொன்னதன் பொருள் அப்போதுதான் எனக்கு விளங்கியது. அந்த ஒரு நாளில் பனிச்சுவர் முழுவதும் தானே உருகியது. வளவு வரைக்கும் ஓடியது அந்தத் தண்ணீர். வழி திறந்ததால் காற்று கீழே போனது, பிரிட்ஜ் சரியானது போலத் தோன்றியது. பனி மறுபடி வளர இரண்டு வாரம் ஆகும் என்பது அவருக்குத் தெரியும். அதற்குள் அந்த எண்ணிலிருந்து எங்களைத் தடுத்துவிட்டால் போதும். ஒரு செலவும் இல்லாமல், நம் வீட்டு மின்சுவிட்சை நம் கையாலேயே நிறுத்தச் சொல்லி, அதற்கு 3,850 ரூபாய்.

மெக்கானிக் மின்சோதனைக் கருவியான மல்ட்டிமீட்டரை வைத்துப் பார்த்ததில் ஹீட்டர் நன்றாக இருந்தது; அதோடு தொடராக இணைந்திருந்த, சூடு மிஞ்சினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் தெர்மல் ஃபியூஸ் என்ற சிறு பாகம்தான் போயிருந்தது. வெந்நீர் ஊற்றிப் பனியை உருக்கி, புதியதை மாற்றி, கூலியுடன் 850 ரூபாய் வாங்கினார். இப்போது மூன்று மாதமாகிறது. எந்தக் குறையும் இல்லை. கீழ்த்தட்டில் இருந்த ஆத்தாவின் இன்சுலின் பேனாக்கள் இரண்டைத்தான் எறிய நேர்ந்தது. திறக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் இருக்க வேண்டியது. சித்திரை வெயிலில் அது எத்தனை நாள் எந்த நிலையில் கிடந்ததோ என்று மருந்துக்கடைக்காரர் பயன்படுத்த வேண்டாம் என்றார். எனக்கு உண்மையில் கோபம் வந்தது பணத்துக்காக அல்ல, இதற்காகத்தான்.

உட்பக்கச் சுவரில் இருந்த எண்ணை அழைத்து நிறுவனத்திடம் பேசினேன். எங்கள் பெயரில் புகாரே பதிவாகவில்லை என்றார்கள். அவர்கள் ஆள் அனுப்பினால் முதலில் பதிவு எண் ஒன்று குறுஞ்செய்தியாக வரும் என்றும், எங்கள் கம்ப்ரஸருக்குப் பத்து ஆண்டு வாரண்டி இருக்கிறது என்றும் அப்போதுதான் தெரிந்தது. "கம்ப்ரஸர் பலவீனம்" என்று விதை போட்டுவிட்டுப் போனவர் அடுத்த முறை எதற்கு வந்திருப்பார் என்பதை யோசித்துப் பாருங்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-லும், இணையவழிப் பண மோசடிக்கான 1930-லும் புகார் பதிவு செய்தேன். 1930-க்குப் பணம் போன சில மணி நேரத்துக்குள் அழைத்தால்தான் அதை நிறுத்தி வைக்க வாய்ப்பு அதிகம். நான் அழைத்தது மூன்று வாரம் கழித்து. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நாம் குடியிருக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே, எங்களுக்குச் சிவகங்கையில், வழக்குப் போடலாம். செலுத்திய தொகை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணமும் இல்லை. ஆனால் எதிர்த்தரப்பு யார், முகவரி என்ன என்று எழுத வேண்டுமே. எங்களிடம் இருப்பது ஜிஎஸ்டி எண்ணோ முகவரியோ இல்லாத, "கேஸ் சார்ஜிங் 3500, விசிட் 350" என்று பேனாவால் எழுதிய ஒரு துண்டுத் தாள். பணம் திரும்பி வரவில்லை.

அந்த இணையப் பக்கத்தைப் பற்றியும் புகார் அனுப்பியிருக்கிறேன். நேற்றுத் தேடிப் பார்த்தேன், முதலிடத்திலேயே நிற்கிறது. காரைக்குடிக்குப் பதிலாக தேவகோட்டை என்று தட்டினேன், திருப்பத்தூர் என்று தட்டினேன். ஊர்ப் பெயர் மட்டும் மாறுகிறது, எண் அதே எண்தான்.