மன்னாரில் கடைசி நாள்: தலைமன்னாரா, திருக்கேதீச்சரமா?

இரண்டு இரவு தங்கலாக மன்னாருக்குப் போகிற கணவன் மனைவிக்கு முதல் இரண்டு நாளும் சிக்கல் இல்லை. எங்கே சுற்றினாலும் இரவு றூமுக்குத் திரும்பினால் போதும். மூன்றாம் நாள் விடியத்தான் கணக்கு மாறுகிறது. பை கட்ட வேண்டும், றூமை ஒப்படைக்க வேண்டும், பொழுதுபட முன்னம் கிளிநொச்சியோ மல்லாவியோ முல்லைத்தீவோ போய்ச் சேர வேண்டும். மிஞ்சுவது ஆறேழு மணித்தியாலம்தான். அதற்குள் ஒரு பக்கத்தைத்தான் ஆறுதலாகப் பார்க்கலாம்: மேற்கே தலைமன்னார், அல்லது கிழக்கே பாலம் தாண்டித் திருக்கேதீச்சரமும் அதோடு சேர்த்து நகரத்துக்குள் இருக்கிற கோட்டையும் பெருக்கமரம் என்கிற பழைய பாவோபாப் மரமும். இரண்டையும் ஒரே நாளில் முடிக்கச் சொந்த வான் வேண்டும். பஸ்ஸிலோ மோட்டார் சைக்கிளிலோ போனவர்கள் அதற்கு முயன்றால் நாள் முழுக்க ரோட்டில்தான் போகும்.

இரண்டு வழியையும் கடைசி நாளில் போய்ப் பார்த்த பிறகு எழுதுவதால் என் பக்கத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கடைசி நாளுக்குக் கிழக்குத்தான் சரி. தலைமன்னார் சோடை போன இடம் என்பதற்காக அல்ல. அதன் நல்ல நேரம் மாலை. கடைசி நாளில் உங்களிடம் இல்லாதது அந்த மாலைதான்.

மேற்கை முதலில் பார்ப்போம். மன்னார் நகரத்திலிருந்து தலைமன்னார் ஏறக்குறைய 29 கிலோமீற்றர். பேசாலையூடாகப் பஸ் நின்று நின்றுதான் போகும்; போக ஒரு மணித்தியாலம், வர ஒரு மணித்தியாலம் என்று ஒதுக்கி வையுங்கள். ரோட்டின் இரு பக்கமும் பனங்கூடல், கட்டாக்காலியாகத் திரியும் கழுதைகள், தென்கரைப் பக்கம் தம்பபவனி காற்றாலை மின் நிலையத்தின் 30 காற்றாடிகள். முடிவிலே ரயில் பாதை கடலுக்கு முன்னால் நின்றுவிடுகிறது. 1914இல் தொடங்கிய இந்திய இலங்கை ரயில், கப்பல் பயணத்தின் இந்தக் கரை அது. 1964 புயல் தனுஷ்கோடியை அழித்த பிறகும் இராமேஸ்வரத்திலிருந்து கப்பல் வந்துகொண்டிருந்தது. அதுவும் 1984இல் நின்றுபோனது. ரயில் பாதை மட்டும் திருத்தப்பட்டு 2015இல் திரும்பத் திறக்கப்பட்டது. பழைய இறங்குதுறையின் துருப்பிடித்த இரும்புக் கால்களைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது மனம் கனக்கும். அந்த இடத்துக்கு அந்தப் பெறுமதி உண்டு.

ஆனால் அங்கே நிழல் இல்லை. பத்து மணிக்குப் பிறகு மணலும் கடலும் ஒன்றாக வெளிறிப்போய்க் கண்ணைக் கூசும். படமும் எடுபடாது. சூரியன் கடலுக்குள் இறங்கும் நேரத்தில்தான் அந்தக் கரை தன் அழகைக் காட்டும். கடைசி நாளில் போகிற சோடி, இரண்டு மணி பஸ்ஸை நினைத்துக்கொண்டு உச்சி வெயிலில் அதைப் பார்த்துவிட்டு, “இவ்வளவுதானா?” என்று திரும்புகிறது. அது அந்த இடத்துக்கும் அநியாயம். முதல் நாள் மாலையோ இரண்டாம் நாள் மாலையோ தலைமன்னாருக்கு ஒதுக்குங்கள். இராமர் அணை மணல் திட்டுகளுக்குப் படகில் போகும் ஆசையைக் கடைசி நாளோடு முடிந்துவைக்கவே வேண்டாம். அது 2015இலிருந்து தேசியப் பூங்கா. கடல் எல்லை என்பதால் கடற்படையின் சொல்லும் இருக்கிறது. அனுமதி, காற்று, படகு மூன்றும் ஒரே நாளில் சரிவந்தால்தான் பயணம். காத்திருக்க நேரம் உள்ளவர்களுக்குரிய விசயம் அது.

இனிக் கிழக்கு. திருக்கேதீச்சரம் நகரத்திலிருந்து ஏறக்குறைய பத்துக் கிலோமீற்றர். பாலத்தையும் தாம்போதியையும் தாண்டினால் தள்ளாடிச் சந்தி. அங்கிருந்து யாழ்ப்பாண ரோட்டில் திரும்பினால் கோயில் வளைவு வரும். ஓட்டோ என்றால் முதல் நாள் இரவே பேசி, போய்வரவும் கோயிலடியில் ஒன்றரை மணித்தியாலம் நிற்கவும் சேர்த்து ஒரே தொகையாக முடிவுசெய்யுங்கள். போகும் வழி மட்டும் பேசிப் போனால் காலையில் திரும்பிவர அங்கே வேறு ஓட்டோ கிடைப்பது சந்தேகம்.

ஆறேகாலுக்கு வெளிக்கிட்டால் காலைப் பூசைக்குப் போய்விடலாம். பிந்திப் போகாதீர்கள், மத்தியானம் நடை சாத்திவிட்டால் திரும்பத் திறப்பது பின்னேரம்தான். ஆண்கள் மேற்சட்டை கழற்ற வேண்டும் என்பது நம் ஆட்களுக்குத் தெரிந்ததே. வேட்டியையும் சேலையையும் பையின் அடியில் போட்டுவிட்டு விடியக் கிளறுவதுதான் வழக்கமான பிழை. முதல் நாள் இரவே எடுத்து மேலே வையுங்கள். சம்பந்தரும் சுந்தரரும் பாடிய தலம். சுந்தரர் பாடிய பாலாவித் தீர்த்தம் இன்றும் கோயிலடியில் இருக்கிறது. சிவராத்திரியில் அதிலிருந்து தீர்த்தம் எடுத்துவந்து அடியார்கள் தங்கள் கையாலேயே மகாலிங்கத்துக்கு ஊற்றுவார்கள். போர்த்துக்கேயர் இடித்த கோயில், பிறகு எழும்பி, யுத்தத்தில் திரும்பவும் சேதப்பட்டு, இப்போது கருங்கல் திருப்பணி முடிந்து 2022 யூலை 6இல் குடமுழுக்குக் கண்டது. புதுக் கல்லின் உளி வரிகள் இன்னும் கூராக இருக்கின்றன. காலை வெயில் சரிந்து விழும்போது தூணின் ஒவ்வொரு மடிப்பும் தனியாகத் தெரியும். பத்தரைக்குப் போனால் அதைக் காண முடியாது.

வழியில் தாம்போதியின் இரு பக்கமும் தரவை வெளி. 2010இல் ராம்சார் என்ற உலக ஈரநிலப் பட்டியலில் சேர்ந்த வங்காலைப் பறவைகள் சரணாலயம் இதுதான். கார்த்திகையிலிருந்து மாசி வரை பூநாரைகள் வந்திருந்தால் ரோட்டிலிருந்தே தெரியும். போகும்போது நிற்காதீர்கள், நகரத்திலிருந்து தென்கிழக்காகப் போவதால் காலை வெயில் நேரே முகத்தில் அடிக்கும், பறவை எல்லாம் கறுப்பு நிழலாகத்தான் தெரியும். கோயிலால் திரும்பி வரும்போது ஒன்பது மணிக்கு வெயில் முதுகுப் பக்கம் வந்துவிடும். அப்போது இளஞ்சிவப்பு தெளிவாக எடுபடும். பாலத்தின் மேல் நிறுத்தக்கூடாது. ரோட்டோரம் அகலமான இடம் பார்த்து நில்லுங்கள். கிட்டப் போய்ப் படம் எடுக்கலாம் என்று தரவைக்குள் இறங்கவும் வேண்டாம். மேலே உப்புப் பூத்துக் காய்ந்த தரை மாதிரி இருக்கும், இரண்டடி வைத்தால் பொருக்கு உடைந்து கணுக்கால் வரை கறுப்புச் சேறு. அந்தச் செருப்போடு பிறகு நாள் முழுக்கத் திரிய முடியாது. ஆனி, ஆடியில் போகிறவர்கள் பறவைகளை எதிர்பார்க்க வேண்டாம்.

நகரத்துக்குள் இரண்டு இடமும் சின்ன வேலைதான். கோட்டை பாலத்தடியிலேயே இருக்கிறது. பஸ் நிலையத்திலிருந்து நடக்கலாம். போர்த்துக்கேயர் 1560இல் கட்டியது, 1658இல் ஒல்லாந்தர் கைக்குப் போனது, 1696இல் அவர்கள் திருத்திக் கட்டியது. முக்கால் மணித்தியாலம் போதும். பெருக்கமரம் பள்ளிமுனையில். சுற்றளவு 19 மீற்றருக்கு மேல், பன்னிரண்டு பேர் கைகோத்தால்தான் கட்டிப்பிடிக்கலாம். அராபிய வணிகர் கொண்டுவந்து நட்டது என்பது ஊர் வழக்கு. உயரத்தில் பெரிதாக ஒன்றுமில்லை. அடிமரத்தின் பருமனைத்தான் பார்க்கப் போகிறோம். இருவரில் ஒருவர் அடியில் நின்று படம் எடுத்தால்தான் அதன் அளவு பிடிபடும்.

இனி என்னுடைய தீர்மானத்தைத் தீர்த்துவைத்த விசயத்துக்கு வருகிறேன். அது வீட்டுக்குப் போகும் பஸ்.

மன்னாரிலிருந்து வன்னிக்குள் போகிறவர்களில் வவுனியா ஆட்களுக்கு மாறாமல் ஒரே பஸ்ஸில் போகலாம். மற்றவர்களுக்குப் பெரும்பாலும் மாறல் இருக்கிறது. முல்லைத்தீவு, புதுக்குடியிருப்புக்காரர் வவுனியாவில் மாறுவார்கள். மல்லாவி, துணுக்காய்க்காரர் யாழ்ப்பாண பஸ்ஸில் ஏறி வெள்ளாங்குளத்தில் இறங்குவார்கள். கிளிநொச்சிக்காரர் பூநகரியில் இறங்கிப் பரந்தன் பக்கம் போகும் பஸ் பார்ப்பார்கள், அல்லது வவுனியாவால் சுற்றுவார்கள். மன்னாரில் ஒரு பஸ்ஸை விட்டால் போவது அந்த ஒன்று மட்டும் அல்ல. மாறும் இடத்தில் பிடிக்கவேண்டிய அடுத்த பஸ்ஸும் போய்விடும். பின்னேரம் பிந்தப் பிந்த அந்த இணைப்புகள் அருகிக்கொண்டே போகும். வெள்ளாங்குளத்தில் பொழுதுபட்ட பிறகு பையோடு இரண்டு பேர் நிற்பது நல்ல முடிவல்ல. ஓட்டோ பிடித்துத் துணுக்காய் போனால் மூன்று நாளும் மிச்சம் பிடித்த காசு அதிலே போய்விடும்.

இப்போது இரண்டு வழியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கிழக்கு வழியில் நீங்கள் போகிற தூரமான இடம் பத்துக் கிலோமீற்றர், அதையும் ஒன்பதரைக்குள் முடித்துவிடுகிறீர்கள். அதற்குப் பிறகு பார்ப்பதெல்லாம் பஸ் நிலையத்தைச் சுற்றித்தான். எது பிந்தினாலும் பெருக்கமரத்தை விட்டுவிட்டுப் பஸ்ஸைப் பிடிக்கலாம். மேற்கு வழியில் பன்னிரண்டு மணிக்கு நீங்கள் தீவின் அடுத்த நுனியில் நிற்கிறீர்கள். திரும்பும் ஒரு பஸ் வராமல் விட்டால் வெட்டிவிட ஒன்றும் இல்லை. முழுப் பயணமும் குலைந்துபோகும். ரயிலை நம்பித் திட்டம் போடுவதென்றால் அன்றைக்கு ஓடுகிறதா, எத்தனை மணிக்கு என்பதை நிலையத்தில் கேட்ட பிறகு போடுங்கள். அதோடு ரயில் மதவாச்சிப் பக்கம்தான் போகும், வன்னிக்குள் வர அங்கே இன்னொரு மாறல்.

மோட்டார் சைக்கிளில் வந்தவர்களுக்குப் பஸ் கவலை இல்லை. அவர்களுக்கும் முடிவு அதேதான், காரணம் வேறு. தலைமன்னார் போய்வர 58 கிலோமீற்றர், அதற்கு மேல்தான் வீட்டுப் பயணம். வைகாசியிலிருந்து புரட்டாதி வரை தென்மேல் காற்று மத்தியானத்துக்குப் பிறகு முறுகும். நகரத்திலிருந்து வெளியேறும்போது தாம்போதியில் அது வலப்பக்கமாகக் குறுக்கே அடிக்கும். பின்னால் ஆளும் பையும் இருக்க, லொறி ஒன்று கடந்துபோகும் கணத்தில் காற்று ஒருமுறை நின்று திரும்ப அடிக்கும். சைக்கிள் ஆடுவது அப்போதுதான். பையைப் பக்கவாட்டில் தொங்கவிடாமல் நடுவில் தாழ்வாகக் கட்டி, வேகத்தைக் குறையுங்கள். முருங்கன் தாண்டினாலும், வெள்ளாங்குளப் பக்கம் போனாலும் காடும் யானையும் இருக்கிறது. வெளிச்சத்தோடு கடந்துவிட வேண்டும். கடற்கரையில் நிறுத்தினால் ஸ்ராண்டுக்கு அடியில் தட்டையான கல்லோ மட்டையோ வையுங்கள், இல்லாவிட்டால் புதைந்து சரியும். உப்பும் மணலும் பட்ட செயினை வீட்டுக்குப் போனதும் நல்ல தண்ணீரில் கழுவி, காய்ந்த பின் எண்ணெய் விடுங்கள். ஒரு கிழமை விட்டால் துரு பிடிக்கும்.

கிழக்கு வழியில் ஒழுங்கு முக்கியம். மச்சம் சாப்பிட்டுவிட்டுக் கோயிலுக்குப் போக முடியாது, மன்னாருக்கு வந்து மீன் சாப்பிடாமல் போகவும் மனம் வராது. அதனால் கோயில் காலையில், மீன் மத்தியானம். கோயிலடியில் பிளேன்ரீயோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பதினொன்றரைக்கு றூமை ஒப்படைத்து, பன்னிரண்டு மணிக்கெல்லாம் சாப்பாட்டுக்கடையில் இருங்கள். பாரை அல்லது விளைமீன் குழம்போடு சோறு கேளுங்கள். நண்டு வேண்டாம், அது சொன்ன பிறகு சமைப்பது, முக்கால் மணித்தியாலம் போய்விடும். நண்டை இரண்டாம் நாள் இரவுக்கு வையுங்கள்.

கருவாட்டில் மட்டும் மேற்குக்குத்தான் வெற்றி. பேசாலையில் தெரிவு கூட. முந்தின நாள் தலைமன்னார் போய்த் திரும்பும்போது வாங்கலாம், அல்லது கடைசி நேரத்தில் நகரச் சந்தையில் எடுக்கலாம். எங்கே வாங்கினாலும் நடுமுள்ளை ஒட்டிய தடித்த சதையை விரலால் அழுத்திப் பாருங்கள். பள்ளம் விழுந்து அப்படியே நின்றால் உள்ளே ஈரம் இருக்கிறது, வீட்டில் நாலு நாளில் பூஞ்சணம் பிடிக்கும். பேப்பரில் சுற்றி, அதற்கு மேல் இரண்டு பொலித்தீன் பை போட்டு, உடுப்புப் பைக்கு வெளியே தனியாகக் கொண்டுபோங்கள்.

கத்தோலிக்கச் சோடிகளுக்கு என் கணக்கு அப்படியே பொருந்தாது. வவுனியாப் பக்கம் போகிறவர்கள் மடுச்சந்தியில் திரும்பி மாதாவைக் கும்பிட்டுவிட்டுப் போகலாம். ஆனால் அதற்குச் சொந்த வாகனம் இருந்தால் நல்லது. யூலை 2, ஓகஸ்ட் 15 திருவிழாக்களை அண்டிய நாட்களில் சனத்தையும் கணக்கில் எடுங்கள்.

பஸ் நேரத்தை முதல் நாள் மாலையே நிலையத்தில் ரைம்கீப்பரிடம் கேட்டு எழுதிவையுங்கள். இ.போ.ச., தனியார் இரண்டையும் கேட்க வேண்டும். நீங்கள் குறிவைக்கும் பஸ்ஸுக்கு முந்தினதில் ஏறுவதுபோல நாளை அமையுங்கள். ஏறும்போது, வவுனியா பஸ் என்றால் வாசல் பக்கச் சீற்றில் இருங்கள், பின்னேர வெயில் பெரும்பாலும் மற்றப் பக்கத்தில்தான் விழும். பூநகரி ரோட்டால் போகிறவர்கள் சாரதிக்குப் பின்னாலுள்ள வரிசையைப் பிடியுங்கள். அங்கே வெயில் இடப்பக்கமாக வரும்.